குருத்தோலை பிடிக்க இரண்டு கைகள்

ஒரு காலைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் தூங்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் விட மாட்டார்கள்.

பை கொஞ்சம் சிறியது. பாதமும் அதில் மாட்டியிருந்த கறுப்புச் செருப்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பந்தல்குடியில் கோழிக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து என்னுடைய இரண்டு கால்களும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டார்.

"ஏத்தா, இது யாரு காலு?"

"ஒரு அக்காவுக்குக் கொண்டு போறேன். செயற்கைக் கால்."

"அவுக எங்க?"

"ஊர்ல இருக்காங்க."

"அப்பக் காலு மட்டும் தனியாப் போகுதாக்கும்."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டரும் வந்து எட்டிப் பார்த்தார். "முழு ஆளுக்குத்தான் டிக்கெட்டு. காலுக்கெல்லாம் கேக்க மாட்டேன், பயப்படாதீக" என்றார். அருப்புக்கோட்டை வரும்வரை அந்தக் கால் யாருடையது, எப்படிப் போனது, எந்த மரத்தில் செய்தது, உள்ளே மின்சாரம் ஓடுமா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இறங்கும்போது காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இறங்கினேன். பஸ் மதுரைக்குப் புறப்பட்டுப் போன பிறகுதான் தெரிந்தது, காலுக்கு வேண்டிய மற்ற எல்லாம் இருந்த சின்னப் பை மேலே கம்பியில் தொங்கியபடியே போய்விட்டது. அதில் கால் தளர்ந்தால் உள்ளே போடும் கூடுதல் சாக்ஸ்கள், ஒட்டும் திண்டுகள், பசை எல்லாம் இருந்தன.

நான் செயற்கைக் கால் செய்கிறவள். நாகர்கோவிலில் ஒரு சிறிய மையத்தில் வேலை. அளவெடுப்பது, அச்சு வார்ப்பது, பொருத்துவது, நடக்கப் பழக்குவது நான்கும் நாங்களே செய்வோம். இந்தக் கால் எஸ்தர் அக்காவுடையது. பருத்தி எடுக்கப் போய்விட்டு வரும்போது பந்தல்குடியில் பின்னால் எடுத்த லாரி ஏறி, அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் மையத்தில் தங்கி அளவு கொடுத்தார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே தற்காலிகக் காலில் நடந்து பழகினார். பழகும்போதே ஒரு தேதியையும் சொல்லிவிட்டார்.

"குருத்தோலை ஞாயித்துக்கு நான் பவனியில நடக்கணும் தங்கச்சி. போன வருசம் ரெண்டு கையிலயும் கட்டை. ஓலை பிடிக்கக் கையில்ல. ஆட்டோவுல லோடு மாதிரி ஏத்திக்கிட்டுப் போனாக. எல்லாரும் ஓசன்னா பாடுறாக, நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணன் எம்.ரெட்டியபட்டி பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஏற்கெனவே ஆட்டோ நிறைந்திருந்தது. காலை டிரைவர் பக்கத்தில் வைத்தார்கள். நான் ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பக்கத்து வீடு தெரியாதபடி மரங்கள் மறைக்கும். இங்கே அடுத்த ஊர் முழுசாகத் தெரிகிறது. நடுவில் கரிசல், சீமைக் கருவேலம், தனித்தனியாகப் பனைகள், தண்ணீர் இல்லாத கண்மாய். ஆடுகள் மட்டும் எங்கும் நிழல் கண்டுபிடித்துப் படுத்திருந்தன. பஸ்ஸில் போன பையைப் பற்றி சாமுவேல் அண்ணன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "பை மதுர டிப்போவுல பத்திரமா இருக்காம் சிஸ்டர். திங்கக்கெழமைதான் இந்த வண்டி திரும்ப வருமாம்."

எஸ்தர் அக்கா வாசலிலேயே கட்டைகளை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.  கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

உள்ளே உட்கார வைத்துக் காலைப் பொருத்தினேன். மையத்தில் ஒரு மெல்லிய சாக்ஸ் போட்டால் கச்சிதமாக இருந்த அளவு. இப்போது ஒன்று போட்டேன், இரண்டு போட்டேன், கையிலிருந்த மூன்றையும் போட்டேன். அப்படியும் உரலுக்குள் உலக்கை ஆடுவது போல உள்ளே ஆடியது.

"அக்கா, ரொம்ப மெலிஞ்சிருக்கீங்க."

"ஒருபொழுதுல்ல இருக்கேன்."

"எப்போலருந்து?"

"சாம்பல் புதன்லருந்து. ஒரு வேளச் சாப்பாடு. கறி, மீனு, முட்டை எதுவும் கெடையாது. காலு கெடைச்சதுக்கு நன்றியா."

"கால் இன்னிக்குத்தானே அக்கா வந்திருக்கு?"

"நீங்க அளவு எடுத்துட்டீகள்ல. அப்பவே கெடைச்ச மாதிரிதான்."

அளவெடுத்த பிறகு செய்யக் கூடாதவை என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவோம். எண்ணெய் தடவக் கூடாது, பிளேடு போடக் கூடாது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கால் வரப்போகிற சந்தோஷத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்று சொல்ல எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அவர் நன்றியாகக் கிடந்த பட்டினி அளவையே மாற்றிவிட்டது.

பக்கத்து வீட்டு மாரியம்மா மதினி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன். காலு வாங்கப் போறவ நாலு துண்டு கறியத் தின்னுடின்னு. கேட்டாளா? இருந்த காலுக் கறியவும் அவ சாமிக்குக் குடுத்துட்டா."

எஸ்தர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் இரண்டே நாட்கள். புதிதாக வார்க்க மையத்துக்குத்தான் போக வேண்டும்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் பாய் விரித்தார்கள். குடும்ப ஜெபம். என்னை ஆரம்பிக்கச் சொன்னார்கள். எனக்கு ஜெபம் என்றால் வரிசையாகக் கேட்டுப் பழக்கம்: அப்பாவின் பிரஷர், தம்பியின் விசா, என் பரீட்சை. "ஆண்டவரே, அக்காவுக்குக் கால் சரியாகப் பொருந்த உதவி செய்யும்" என்று தொடங்கினேன். சாமுவேல் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். எங்க வீட்டுல சாயங்காலம் கேக்கப்படாது. கேக்குறதெல்லாம் காலையில. சாயங்காலம் தோத்திரம் மட்டுந்தான்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

எஸ்தர் அக்கா விளக்கினார். "ஆஸ்பத்திரியில கெடக்கையில இவுக ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நாளெல்லாம் கேட்டோம். காலை எடுக்கப்படாதுன்னு கேட்டோம், எடுத்துட்டாக. வலி நிக்கணும்னு கேட்டோம், நிக்கல. கேட்டுக் கேட்டு வாயே ஓஞ்சு போச்சு. அப்பத்தான் இவுக சொன்னாக, ஒரு நேரமாச்சும் கேக்காம இருப்போமேன்னு. மொத நாளு எதுக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்த வார்டுல ஃபேன் ஓடுச்சு. ஃபேனுக்குச் சொன்னோம்."

பிறகு அவரே கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். "முழங்காலு இருக்கதுக்காகத் தோத்திரம் ஆண்டவரே. மாரியம்மா மதினி வாய்க்காகத் தோத்திரம். இந்தத் தங்கச்சி பைய மறந்தாலும் காலை மறக்காம கொண்டாந்ததுக்காகத் தோத்திரம்."

நிலைப்படியிலிருந்து மாரியம்மா மதினியின் சிரிப்பு கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பொருந்தாத காலுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன நன்றி?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். சாப்பிடப் போன கடையில் பழக்க தோஷத்தில் புட்டும் பயறும் கேட்டுவிட்டேன். பரிமாறுகிறவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நாகர்கோயிலு பக்கமா? பொங்கலு இருக்கு, பூரி இருக்கு, அழாமச் சாப்புடுங்க" என்றார். பொங்கல் நன்றாகவே இருந்தது. மிளகு எங்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்டியான நீள சாக்ஸ் வேண்டும். ஜவுளிக்கடை முதலாளி வெளியே கொதிக்கிற தெருவைக் காட்டினார். "இந்த வெயிலுக்குக் கம்பளி சாக்ஸா? கொடைக்கானலுக்கா போறீக?" செயற்கைக் காலுக்கு என்றேன். அவர் முகம் மாறியது. தானே ஏணியில் ஏறி மேல் பரணிலிருந்து பந்தாட்டக்காரர்கள் போடும் நீள சாக்ஸ் கட்டு ஒன்றை இறக்கினார். "நுனிய வெட்டித் தச்சுக்கிட்டா ஆகுமா?" ஆகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் மெத்தென்ற ரப்பர் ஷீட்டும் பசையும் வாங்கினேன். அவற்றை வைத்தே திண்டு செய்துவிடலாம். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சாக்ஸ் நுனிகளை வெட்டித் தைத்து முடித்தேன். மனது லேசாகிவிட்டது. ஒரு பொட்டலம் காரச்சேவைத் திறந்து நானே பாதி தின்றேன்.

மத்தியானம் முழுக்க ரப்பரைச் சீவி, வெட்டுப்பட்ட கால் நுழையும் குழிக்குள் இரண்டு பக்கவாட்டிலும் திண்டு ஒட்டினேன். புது சாக்ஸ் போட்டுப் பொருத்தினால் ஆட்டம் நின்றது. அக்கா ஒரு கட்டையோடு வாசலில் நடந்தார். கம்பீரமாக இருந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, திரும்பும் இடத்தில், உள்ளே கால் ஒரு பக்கம் சுழன்றுவிட்டது. பாதம் உள்பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா கைகளை ஊன்றி மண்ணில் விழுந்தார்.

தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "யாத்தே, பாத்துத் தூக்குங்க!" அடி ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் சிராய்ப்பு. ஆனால் அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. தானாகவே காலைக் கழற்றி என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமும் பாய் விரித்தார்கள். பாட்டுப் பாடி முடித்ததும் சாமுவேல் அண்ணன், "நீ சொல்லு" என்றார்.  

"இன்னைக்கு வாய் வரல" என்றார் அக்கா. "நாளானைக்கும் ஆட்டோவுலதான். கேக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். வேற யாரும் சொல்லுங்க."

சாமுவேல் அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கும் வரவில்லை. தோள் குலுங்கியது. அங்கே மிச்சம் நான்தான். கேட்கக் கூடாது. நன்றி சொல்ல எனக்கு அந்த வீட்டில் வேறு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது அந்தக் கால் ஒன்றுதான். ஆகவே, நோயாளியைப் பரிசோதிக்கும்போது மனதில் ஓடும் வரிசையிலேயே சொன்னேன்.

"ஆண்டவரே, அக்காவுக்கு முழங்கால் இருக்கறதுக்காக ஸ்தோத்திரம். அது முழுசா மடங்கி முழுசா நீளுறதுக்காக ஸ்தோத்திரம். முழங்காலுக்குக் கீழே எலும்பு நல்ல நீளத்துல இருக்கறதுக்காக ஸ்தோத்திரம். முனையில புண் இல்லாததுக்காக ஸ்தோத்திரம். தொட்டா உணர்வு இருக்கறதுக்காக, வலது கால் உறுதியா இருக்கறதுக்காக, விழுந்தப்போ கை ஊன்றத் தெரிஞ்சதுக்காக ஸ்தோத்திரம்."

ஒவ்வொன்றுக்கும் சாமுவேல் அண்ணன் மெல்ல "ஆமென்" சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இவற்றில் பாதிகூட இருக்காது. நல்ல கால் இது. உண்மையிலேயே நல்ல கால்.

"பட்டினி கிடந்தும் முன்பக்க எலும்பு அப்படியே இருக்கறதுக்காக ஸ்தோத்திரம். ரெண்டு பக்கமும் எலும்பு மாறாம அப்படியே..."

நிறுத்திவிட்டேன். முன்னால் மாறவில்லை. பக்கவாட்டில் மாறவில்லை. அப்படியானால் மெலிந்தது எங்கே? பின்னால். கெண்டைச் சதையில். நான் திண்டு ஒட்டியதோ பக்கவாட்டில், மாறாத இடத்தில். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால்தான் திரும்பும்போது கால் சுழன்றது.

"என்னத்தா, மறந்து போச்சா?" என்றார் நிலைப்படியிலிருந்து மாரியம்மா மதினி.

"இல்ல மதினி. கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்ப அதுக்கும் ஒரு தோத்திரத்தச் சொல்லி முடி. ஆமென் சொல்ல அந்த மனுசன் எம்புட்டு நேரம் காத்துக்கிட்டிருப்பாரு?"

எஸ்தர் அக்கா முகத்தை முந்தானையால் துடைத்தார். அவர் தோளும் குலுங்கியது. ஆனால் அது சிரிப்பு. "இந்த மதினிய எனக்குப் பக்கத்து வீடா வச்சதுக்காகத் தோத்திரம்" என்றார். மூன்று பேரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். அந்த ஆமெனை நான் மனதாரச் சொன்னேன். கால் இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தபோது தெரியாத ஏதோ ஒன்று, இருப்பதைச் சொன்னபோது கண்ணுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் பக்கவாட்டுத் திண்டுகளைப் பிய்த்தெடுத்தேன். பின்பக்கச் சுவரில், முழங்கால் மடிப்புக்குக் கீழே, ரப்பரை அடுக்கடுக்காகச் சீவி ஒட்டினேன். பசை காய்கிற நேரத்தில் அக்காவிடம் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தேன். இன்னும் மெலிந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒருபொழுது இருந்ததும் நன்றிக்குத்தான். இனிமே சாப்புடுறதும் நன்றிக்குத்தான். மதினி, என்ன வச்சிருக்கீக?"

மாரியம்மா மதினி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல உடனே கொண்டுவந்தார். கம்பந் தோசை, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. எங்கள் வீட்டு மீன் குழம்பில் தேங்காய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இங்கே புளியும் மிளகாயும் நேரே மண்டையைத் தட்டுகின்றன. கண்ணில் நீர் வழிய நான் இன்னொரு தோசை வாங்கிக்கொண்டேன்.

பிறகு பொருத்தினேன். அக்கா எழுந்தார். நான் குழியின் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. திரும்பச் சொன்னேன். பாதம் நேராகவே நின்றது. தெருக்குழாய்வரை ஒரு கட்டையோடு போய் வந்தார். கழற்றித் தோலைப் பார்த்தேன், சிவப்பு இல்லை. நிழலில் உட்கார வைத்து மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை குழாயடியில் மாரியம்மா மதினி அந்தக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"குடு மதினி!"

"வந்து வாங்கிக்கடி."

மதினி அக்காவைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். அக்கா திட்டிக்கொண்டே அவர் பின்னால் வீடுவரை நடந்து வந்தார். வந்து நின்ற பிறகுதான் இரண்டு கைகளும் வெறுமனே தொங்குவதைப் பார்த்தார்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்பே தெருக்கோடி ஜெப வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் சபையில் தென்னங்குருத்து. இங்கே பனங்குருத்து, வெளிர் மஞ்சளாக, தொட்டால் கையில் பனை வாசம் ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் அதைக் கீறிச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவிடம் என் வழக்கப்படி சொன்னேன்: மெதுவாக நடக்க வேண்டும், வலித்தால் நிற்க வேண்டும், பவனி முடியும் கோயில்வரைதான், அதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம். "சரி தங்கச்சி, சரி தங்கச்சி" என்றார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சாமுவேல் அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டோவைக் கடைசியில் உருட்டிக்கொண்டு வந்தார்.

பாஸ்டர் அக்காவின் கையில் முதல் ஓலையைக் கொடுத்தார். அக்கா அதை ஒரு கையால் வாங்கினார். பிறகு மற்ற கையையும் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்தார். யாரோ பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பவனி புறப்பட்டது.

நான் பக்கவாட்டில் நடந்து காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். குதிகால் விழுகிறது, உடம்பு மேலே வருகிறது, முழங்கால் மடங்குகிறது. இடுப்பு கொஞ்சம் சாய்கிறது, பரவாயில்லை. டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். "ஏலே, எஸ்தரக்கா நடக்குதுடா!" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். மாரியம்மா மதினி, சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னவர், கையில் ஓர் ஓலையோடு அக்காவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். பாட்டு தெரியாத இடங்களில் "ஓசன்னா" மட்டும் உரக்கச் சொன்னார்.

கண்மாய்க் கரையில் கோயில். வாசலில் பவனி உள்ளே திரும்ப வேண்டும். பாஸ்டர் திரும்பினார். பிள்ளைகள் திரும்பினார்கள். எஸ்தர் அக்கா திரும்பவில்லை. வாசலைத் தாண்டி நேரே கரைமேல் ஏறிவிட்டார்.

"எஸ்தரு! கோயிலு இங்க இருக்கு!"

"தெரியும் பாஸ்டர். கரையில ஒரு சுத்து சுத்திட்டு வாரேன். நீங்க ஆரம்பிங்க."

ஆரம்பிக்க ஆள் வேண்டுமே. மாரியம்மா மதினி அவர் பின்னால் போனார். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் போனார்கள். வாசலுக்குள் நுழைந்துவிட்ட பிள்ளைகள் வெளியே ஓடிவந்து போனார்கள். கடைசியில் பாஸ்டரும் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். கோயிலுக்குள் வயசான ஓர் அம்மாவும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டும் மிஞ்சினார்கள்.

கோயில்வரைதான் என்று கத்த நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து ஓசன்னாதான் வந்தது. நானும் கரை ஏறினேன்.

வறண்ட கண்மாய்க்கு மேல் காலை வெயிலில் மஞ்சள் ஓலைகள் வரிசையாகப் போயின. எல்லாவற்றுக்கும் முன்னால் எஸ்தர் அக்கா. கரை வளையும் இடத்தில் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஊரே பின்னால் வருவதைக் கண்டதும் ஓலையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வேகத்தைக் கூட்டினார்.